கேப்டன் காசியானோவின் நேர்ச்சை

அக்டோபர் பிறக்க நான்கு நாள் இருந்தது. புளிப்பு மீன் குழம்பும் சோறும் உண்ட மயக்கத்தில், காசியானோ ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். இந்த வீட்டில் ஒரு பொருளாவது சட்டை போடாமல் இருந்தாக வேண்டும்.

மற்ற எல்லாமே சட்டை போட்டிருந்தன. டிவியின் தலையில் ஒரு குரோஷா விரிப்பு. ரேடியோவின் தலையில் ஒன்று. தண்ணீர்க் கூஜாவின் வாயில் ஓரமெல்லாம் பாசிமணி கோத்த ஒன்று. சோபாவின் இரண்டு கைகளிலும் ஜோடியாக இரண்டு. சாப்பாட்டு மேஜைக்கு நடுவில் அன்னாசிப்பழப் பின்னலில் பெரியது, அதைச் சுற்றிக் குட்டிகள் ஆறு. பிரிட்ஜின் கைப்பிடிக்கு உறை, சோறு வடிக்கும் குக்கருக்குத் தொப்பி, காஸ் சிலிண்டருக்குக் கொசுவம் வைத்த பாவாடை. அவர் மனைவி லியோனிலாவின் கையில் கொக்கி ஊசி ஏறிவிட்டால் எதிரில் நிற்பது எதுவானாலும் அளவெடுக்கப்படும். வீட்டுப் பூனை மட்டும் தப்பித்தது. அதற்கு ஓடத் தெரியும்.

காசியானோவுக்கு ஓடத் தெரியாது. முப்பத்தொரு வருஷம் கப்பலில் இருந்துவிட்டு, இனி எங்கேயும் போவதில்லை என்று வந்து உட்கார்ந்தவர். என்ஜின் அறையில் எண்ணெய் போடும் வேலை. கப்பலின் நிஜக் கேப்டனை அவர் நேரில் பார்த்ததே ஆறேழு தடவைதான் இருக்கும். ஆனால் புந்தா அலிவாஸ் என்ற அந்தக் கரையோர ஊரில் கப்பலுக்குப் போய்த் திரும்பிய எவரும் கேப்டன்தான். ஊரார் மரியாதைக்காக அப்படிக் கூப்பிட்டார்கள். லியோனிலாவும் அப்படித்தான் கூப்பிட்டாள், வேறு எதற்காகவோ.

அவர் கேட்டது ஒரே ஒரு நாற்காலி. கடலைப் பார்த்த ஜன்னலோரம் கிடந்த, உயரமான முதுகும் அகலமான கைப்பிடிகளும் கொண்ட நரா மர நாற்காலி. கல்யாணத்துக்குச் செய்தது. என்ஜின் அறையின் சூட்டில் வேர்த்து வழிந்த நாளெல்லாம் அவர் நினைத்துக்கொண்டது அந்த நாற்காலியைத்தான். காலை ஜன்னல் விளிம்பில் நீட்டி, தலையைக் குளிர்ந்த மரத்தில் சாய்த்து, கண்ணை மூடியும் மூடாமலும் கிடந்தால், கடல் மெல்ல எழுந்து ஜன்னலுக்குள் வரும். வீடு நகரத் தொடங்கும். தென்னைகள் பின்னால் போகும். சத்தமில்லாத ஒரு கப்பலில், வேலை எதுவும் இல்லாத ஒரே பயணியாக அவர் போய்க்கொண்டிருப்பார்.

அதில் ஒரே தொல்லை, தலைக்கும் மரத்துக்கும் நடுவே இருந்த விரிப்பு. அது வழுக்கும். சரிந்து முகத்தில் விழும். கனவில் கப்பல் தளம் முழுக்க வெள்ளை நுரை ஏறி, நுரையெல்லாம் அன்னாசிப்பழமாகி, மூச்சு முட்டி விழித்துக்கொள்வார். சாயங்காலம் கடைக்குப் போனால் பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவருடைய வழுக்கையில் பின்னல் அச்சு அப்படியே பதிந்திருக்கும்.

"இந்த நாற்காலிக்கு எதுக்கு விரிப்பு?" என்று அன்று கேட்டேவிட்டார்.

"தலை எண்ணெய் படாம இருக்க," என்றாள் லியோனிலா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என் தலையில முடியே இல்லையே."

"அதான் எண்ணெய் நேரா மரத்துல இறங்குது."

"நான் எண்ணெயே வைக்கிறதில்ல."

"முப்பது வருஷம் எண்ணெயிலயே ஊறின ஆளு நீ. தனியா வேற வைக்கணுமா?"

அவர் விரிப்பை எடுத்து மடித்து ரேடியோ மேல் வைத்தார். முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தால் அது பழைய இடத்தில் இருந்தது. எடுத்து அலமாரிக்குள் வைத்தார். காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் அங்கே வேறொன்று, இன்னும் பெரியது. மூன்றாவது தடவை அவர் எடுக்கவில்லை. நாற்காலி முழுக்க மூடிவிடும் என்று பயமாக இருந்தது.

பக்கத்து வீட்டுத் தெரியோ, காசியானோவின் மூத்த மகளுக்கு ஞானத்தகப்பன். அந்த முறையில் இருவரும் ஒருவரையொருவர் 'பாரே' என்றுதான் அழைத்துக்கொள்வார்கள். தெரியோ வேலியோரம் குந்தி, சேவலின் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி பசென்சியா, அதே முறையில் காசியானோவுக்கு 'மாரே', சற்றுத் தள்ளித் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். காசியானோ தன் கதையைச் சொன்னார்.

"பாரே, பொம்பளைகிட்ட கேட்டு வாங்க முடியாது," என்றார் தெரியோ. "அவளுக்கும் மேல இருக்கிறவங்ககிட்ட போகணும்."

"யாரு, அவங்க அம்மாவா? அவங்க போய்ச் சேர்ந்து பத்து வருஷமாச்சே."

"மாதாவைச் சொல்றேன். ஒண்ணாந்தேதி ஜெபமாலை மாதா முதல்ல உங்க வீட்டுக்குத்தானே வராங்க? அப்ப எல்லார் முன்னாடியும் வாயைத் திறந்து நேர்ந்துடு. விரிப்பு பூரா மாதாவுக்குன்னு. நேர்ந்துக்கிட்டதை எவளாவது வேண்டாம்னு சொல்லுவாளா?"

இதைச் சொல்லும்போது தெரியோ சேவலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் திக்கி, பசென்சியா பக்கம் திரும்பி, மறுபடி தொடர்ந்தார். காசியானோ இதையெல்லாம் கவனிக்கவில்லை. அவர் மனசுக்குள் நாற்காலி ஏற்கெனவே துணியைக் களைந்துவிட்டுக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

அந்த ஊர்ப் பழக்கம் அப்படி. அக்டோபர் மாதம் முழுக்க மாதா சுரூபம் வீடு வீடாகத் தங்கும். ஒரு வீட்டில் மூன்று நாள். மூன்று வயதுக் குழந்தை உயரமுள்ள பழைய மரச் சுரூபம். மற்ற மாதங்களில் அதைத் தன் வீட்டில் வைத்து, உடுத்தி, பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குக் காமரேரா என்று பெயர். முப்பது வருஷமாக அப்படி இருந்த டோன்யா கொன்சொலசியோன் ஜூன் மாதம் மகளோடு கனடாவுக்குப் போய்விட்டார். ஜூலையில் தெருப் பெண்கள் கூடி வந்து, அடுத்த காமரேராவாக இருக்கும்படி லியோனிலாவைக் கேட்டார்கள். அவள் பதில் சொல்வதற்குள் காசியானோ முந்திக்கொண்டார். "இந்த வீட்ல எனக்கே இடமில்ல. மாதாவுக்கு எங்க?" என்றார். சுரூபம் அன்றிலிருந்து சிற்றாலயத்துச் சாமான் அறையில், மடக்கு நாற்காலிகளோடு நின்றுகொண்டிருந்தது. இதெல்லாம் நடந்தது அவருக்கு நினைவில்கூட இல்லை.

ஒன்றாம் தேதி மாலை மாதா வந்தார். மழை விட்டிருந்தது. தெருவில் மெழுகுவத்திகள் ஆடி ஆடி வந்தன. வீடு நிறையப் பெண்கள். ஜெபமாலை முடிந்து, வாழையிலை மேல் சுட்ட பிபிங்கா அரிசிப் பணியாரமும் இஞ்சித் தண்ணீரும் வருவதற்கு முன்பு, காசியானோ தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். ராத்திரி பூரா யோசித்து வைத்திருந்தார். கப்பல் ஒப்பந்தங்கள் நிறையப் படித்தவர், ஓட்டை விடக்கூடாது என்று அவருக்குத் தெரியும்.

"மாதாவே," என்றார். "இந்த வீட்டில் இருக்கும் பின்னல் விரிப்பு அத்தனையும் இன்று முதல் உங்களுக்கே. பெரியது, சின்னது, பாசிமணி வைத்தது, எல்லாம். இனிமேல் என் மனைவி பின்னப்போவதும் உங்களுக்கே. அவள் கை இனி வேறு எதற்கும் பின்னாது. இது என் நேர்ச்சை."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பசென்சியா கேட்டாள்.

"கேப்டன், நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா? எல்லாமா?"

"எல்லாம்."

"இனி பின்னப்போறதும்?"

"அதுவும்."

"எல்லாரும் கேட்டீங்கல்ல?" என்று பசென்சியா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாரும் கேட்டோம் என்றார்கள். பின்னால் காது மந்தமான ஒருத்திக்கு இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லவும் சொன்னாள். காசியானோ சந்தோஷமாகச் சொன்னார். சாட்சி எத்தனை இருந்தாலும் நல்லதுதானே.

லியோனிலா கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்ததும் அவருக்குச் சங்கடமாகிவிட்டது. அருகில் போய், "வருத்தமா?" என்று மெல்லக் கேட்டார்.

"இல்ல கேப்டன்," என்றாள் கைக்குட்டைக்குள்ளிருந்து. "ரொம்ப நல்லாச் சொன்ன."

நான்காம் தேதி மாதா அடுத்த வீட்டுக்குப் புறப்பட்டார். பின்னால் மூன்று பிரம்புக் கூடைகளில் விரிப்புகள் போயின. சிலிண்டரின் பாவாடைகூடப் போனது.

வீடு அம்மணமாக நின்றது. காசியானோ நாற்காலியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்தார். மரம் குளிர்ச்சியாக இருந்தது. மத்தியான வெயிலில் கடல் அசையாமல் கிடந்தது. அவர் வெகுதூரம் போனார். எந்தத் துறைமுகமும் குறுக்கே வரவில்லை. முதல் நாலைந்து நாள் அவரைப் போலச் சுகமாக இருந்தவன் இந்தத் தீவுகளிலேயே கிடையாது.

ஆறாவது நாள்தான் சோபாவின் கையைப் பார்த்தார். கட்டைவிரல் அகலத்துக்குக் கருகிய ஒரு ஓட்டை.

"நிலா," என்று கூப்பிட்டார். தப்பு செய்த சந்தேகம் வந்தால் அவளை அப்படிக் கூப்பிடுவது வழக்கம். "இது எப்ப ஆச்சு?"

"தொண்ணூத்தி நாலு. கிறிஸ்துமஸ் லீவு. சிகரெட்டு."

"நானா?"

"இல்ல. கப்பல்ல இருந்து ஒருத்தர் வந்திருந்தார். உன்னை மாதிரியேதான் இருந்தார்."

அலமாரிக் கண்ணாடியில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல். அது கடைசி மகளின் ஞானஸ்நானத்தன்று அவர் ஆடிய நடனம். டிவியின் தலையில் சுத்தியல் தழும்பு. படம் ஆடுகிறது என்று அவர் ரிப்பேர் செய்தது. ரேடியோவின் மூலை உருகியிருந்தது. பிரிட்ஜ் கைப்பிடி இரண்டாக உடைந்து கம்பியால் கட்டப்பட்டிருந்தது. வருஷத்துக்கு ஒரு மாதம் விடுமுறையில் வந்து, வந்த ஒவ்வொரு தடவையும் அவர் ஒரு அடையாளம் வைத்துவிட்டுப் போயிருந்தார். அவர் போன பிறகு அவள் அதன் மேல் ஒரு பூவைப் பின்னிப் போட்டிருந்தாள். ஊரார் வந்து போகும் வீடு, பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றுதான். காசியானோவுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, இத்தனை வருஷமும் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பது உறுத்தியது.

"சொல்லியிருக்கலாமே," என்றார்.

"எப்படிச் சொல்றது? நீ சிங்கப்பூர் தாண்டியிருப்ப. லெட்டர்ல, 'அன்புள்ள கேப்டனுக்கு, சோபாவுல ஓட்டை'ன்னு எழுதவா? நூலு கையில இருந்துச்சு. பின்னினேன். உன் லெட்டர் வராத மாசம் நிறையப் பின்னுவேன். அந்த மேஜை விரிப்பு இருக்கே, அது எண்பத்தொம்பது. ரெண்டு மாசம் சேதியே இல்ல."

அவருக்கு அது தெரியும். அந்த இரண்டு மாதமும் கப்பல் ஒரு துறைமுகத்துக்கு வெளியே சும்மா நின்றது. கடிதம் எழுதாமல் அவர் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார். அதை இப்போது சொல்ல வேண்டாம் என்று பட்டது.

நாள் போகப் போக வீடு அவரைப் பழிவாங்க ஆரம்பித்தது. கூஜாவுக்குள் ஒரு பல்லி நீந்தியது. குக்கரின் கைப்பிடியைத் துணியில்லாமல் பிடித்து விரல் பொத்துப்போனது. தட்டில் நின்ற கண்ணாடித் தம்ளர்கள் ஒவ்வொரு தடவையும் வழுக்கி அவர் மடியிலேயே வந்து விழுந்தன. ஈரத் தம்ளரும் சூட்டுப் பாத்திரமும் வைத்து வைத்து மேஜை முழுக்க வட்டம் வட்டமாக வெள்ளைக் கறை. லியோனிலா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சின்னதா ஒண்ணு பின்னேன். கூஜாவுக்கு மட்டும்," என்றார் ஒரு நாள், குரல் இறங்கி.

"ஐயோ, மாதாவுக்கு நேர்ந்த கை. பாவம் வந்து சேரும். அதுவும் உனக்குத்தான் சேரும், நேர்ந்தது நீ."

கனவும் மாறிவிட்டது. நாற்காலியில் சாய்ந்தால் கப்பல் வந்தது. ஆனால் கடலில் அலை இல்லை, நுரை இல்லை. வெறும் இரும்புத் தளம், கண்ணுக்கெட்டிய தூரம் வரை. ரொம்ப தூரத்தில் வெள்ளையாக என்னவோ மிதந்து போகும். அதைப் பிடிக்க ஓடுவார், கால் நகராது. கழுத்து வலியோடு விழித்துக்கொள்வார். இருந்தாலும் ஒப்புக்கொள்ளவில்லை. நாற்காலி வெறுமையாக இருந்தது, அது தன்னுடையது, அது போதும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

முப்பத்தொன்றாம் தேதி மாலை, பத்து வீடும் சுற்றி முடிந்து மாதா சிற்றாலயத்துக்குத் திரும்பும் நாள். தெருவில் பாட்டுச் சத்தம் கேட்டது. காசியானோ ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஊர்வலம் சிற்றாலயத் திருப்பத்தில் திரும்பவில்லை. நேராக அவர் வீட்டை நோக்கி வந்தது. பின்னால் மூன்று கூடை இல்லை, ஏழு கூடை.

"என்ன மாரே இது?" என்று வாசலில் பசென்சியாவைக் கேட்டார். "இத்தனை ஏது?"

"நீங்க ஒருத்தர் மட்டும் கொடுத்தா மத்தவங்களுக்கு மரியாதையா கேப்டன்? ஒவ்வொரு வீட்லயும் சேர்த்துச் சேர்த்து வச்சாங்க. எல்லாம் உங்க நேர்ச்சையோட பலன்."

"சரி. ஆனா சிற்றாலயம் அந்தப் பக்கம்."

பசென்சியா அவரை இரக்கத்தோடு பார்த்தாள். "நீங்க பாவம், முப்பது வருஷம் கடல்ல இருந்தீங்க. உங்களுக்குத் தெரியாது. மாதாவுக்கு யார் துணிமணி நேர்ந்து கொடுக்குறாங்களோ, அந்த வீட்டு அம்மாதான் காமரேரா. துணி இருக்கிற வீட்லதான் மாதா இருப்பாங்க. டோன்யா கொன்சொலசியோன் வீட்டுக்காரரும் இப்படித்தான் நேர்ந்தார், அந்தக் காலத்துல. வீட்டு ஆம்பளை வாயால வரணும். பொம்பளை போய்க் கேட்டா அது அசிங்கம்."

தெரியோ தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாதாவை உள்ளே கொண்டுவந்தார்கள். நிமிஷத்தில் டிவி உடுத்தியது, ரேடியோ உடுத்தியது, கூஜா உடுத்தியது. மாதாவின் வீடு என்றால் மாதாவின் துணி எங்கே வேண்டுமானாலும் விரிக்கலாம் அல்லவா. புதிதாக வந்த நான்கு கூடைகளுக்கும் இடம் தேடிப் பெண்கள் மின்விசிறிக்கும் கடிகாரத்துக்கும் சுவிட்சுப் பலகைக்கும் போட்டார்கள். வீட்டுக்குள் வெள்ளை மெல்ல மெல்ல ஏறியது. காசியானோவுக்கு முதலில் உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது. சோபாவின் ஓட்டை மறைந்தபோது அவர் மூச்சு விட்டார்.

"மாதாவை எங்க வைக்கிறது?" என்றாள் பசென்சியா.

"மேஜையில வைங்க," என்றார் காசியானோ பெருந்தன்மையாக.

"மேஜை பூரா கறை," என்றாள் லியோனிலா. "அங்கயா மாதாவை நிறுத்துறது?"

"மேல விரிப்பு போட்டா?"

"அடியில கறைன்னு மாதாவுக்குத் தெரியாதா?"

"அலமாரி மேல?"

"கண்ணாடி கீறல். பாரம் தாங்காது."

"டிவி மேல?"

எல்லாப் பெண்களும் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்கள். காசியானோவும் திரும்பினார்.

"வீட்ல ஒரு கீறல் இல்லாம இருக்கிறது அது ஒண்ணுதான்," என்றாள் லியோனிலா. நாற்காலியின் முதுகை உள்ளங்கையால் தடவினாள். "இத்தனை வருஷம் விரிப்பு போட்டுப் பத்திரமா வச்சிருந்தேன். தெருவுல போறவங்களும் கும்பிட்டுப் போகலாம். மாதாவும் கடலைப் பாத்துக்கிட்டே இருக்கலாம்."

அவர் சுற்றிலும் பார்த்தார். அன்று அவர் சொன்னதைக் கேட்ட அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். காது மந்தமானவள்கூட இருந்தாள். வெளியே கடலின் மேல் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அவருடைய கப்பல் அவரை ஏற்றிக்கொள்ளாமலே புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது. நாற்காலியின் மேல் அன்னாசிப்பழ விரிப்பு விழுந்தது, எண்பத்தொன்பதாம் வருஷத்தது, அதன் மேல் இரண்டு சின்னது. நாலு பெண்கள் சுரூபத்தைத் தூக்கினார்கள்.

கடைசியாக ஒரு வழி தோன்றியது அவருக்கு.

"நிலா," என்றார். "பீடம் பெருசு. நாற்காலி கைக்கு நடுவுல அது நிக்காதே. அளந்து கிளந்து பாக்காம தூக்கி வச்சு, மாதா விழுந்துட்டா?"

"நிக்கும் கேப்டன்," என்றாள் லியோனிலா. "ஜூலையில நீ வேண்டாம்னு சொன்ன அன்னைக்கே அளந்து பாத்துட்டேன்."